கரும்புத் தீவின் காகிதப் பணம்

நாணயவியல் தமிழ் வரலாற்றாய்வில் நெடுங்காலமாகத் தனியிடம் பெற்று விளங்கும் துறையாகும். கரூர் ஆற்றுப்படுகையில் கிடைத்த உரோமானியக் காசுகளும், சோழர் காலப் பொற்காசுகளும், பாளையக்காரர் செப்புக் காசுகளும் அறிஞர் பலரால் நுணுகி ஆராயப்பட்டுள்ளன. காகிதப் பணத்துக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. தாள் கிழியும்; நனையும்; கரையான் அரிக்கும்; காலாவதியானபின் அதைக் காப்பாற்றி வைப்போரும் அரியர். எனினும் வரலாற்றுச் சான்று என்ற முறையில் பணத்தாள் காசினும் ஒருபடி மேலானது எனலாம். பொன்னுக்கும் வெள்ளிக்கும் தம்மளவில் மதிப்புண்டு. தாளுக்கு அஃது இல்லை. அதன் மதிப்பு, அதை வெளியிடுவோரின் வாக்கிலும், அவ்வாக்குக்கு ஈடாக அவர் வைத்திருக்கும் பொருளிலும் தங்கியிருக்கிறது. ஆகவே ஒரு நாட்டின் பணத்தாளை ஆராயப் புகுவோர் எழுப்ப வேண்டிய முதல் வினா, 'இந்த வாக்குக்கு ஈடு எது?' என்பதேயாகும்.

இந்துமாக்கடலின் தென்மேற்கில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, எரிமலையால் எழுந்த ஒரு சிறு தீவு ரீயூனியன். அத்தீவின் வங்கித் தாள்களை முன்வைத்து இவ்வினாவை எழுப்பினால் கிடைக்கும் விடை திகைக்க வைப்பது. 1850களில் அங்குப் புழங்கத் தொடங்கிய தாள்களுக்கு முதலாக அமைந்தது, விடுதலை செய்யப்பட்ட அடிமைகளின் விலை. அத்தாள்கள் கடனாகப் பாய்ந்து வளர்த்த கரும்பை நட்டும் வெட்டியும் சுமந்தும் உழைத்தவருள் பெரும்பகுதியினர் புதுச்சேரி, காரைக்கால், சென்னைக் கரைகளிலிருந்து கப்பலேறியவர்கள். தமிழர் புலம்பெயர்வு பற்றிப் பேசுமிடத்துக் கோயிலும் கூத்தும் பெயரும் பேசப்படும் அளவுக்கு, அவர்தம் கூலியை எண்ணிக் கொடுத்த பணம் பேசப்படுவதில்லை.

தீவின் பெயர்களே ஒரு வரலாறு சொல்லும். பிரெஞ்சுக்காரர் 1649இல் தம் அரச மரபின் பெயரால் அதற்குப் பூர்போன் எனப் பெயரிட்டனர். புரட்சியின்போது, 1793இல், அது ரீயூனியன் ஆயிற்று. 1806இல் பேரரசன் பெயரால் பொனபார்த் தீவு. 1810 முதல் 1815 வரை ஆங்கிலேயர் ஆட்சி. பின்னர் மீண்டும் பூர்போன். 1848 முதல் மறுபடியும் ரீயூனியன். ஆட்சிக்கு ஏற்பப் பெயர் மாறியதுபோல, பெயருக்கு ஏற்பப் பணமும் மாறிக்கொண்டே வந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகையில் இத்தீவு காப்பித் தோட்டமாக வளர்ந்தது. குடியேறிகள் விளைவித்த காப்பியைக் கம்பெனியே வாங்கியது. அவர்களுக்கு வேண்டிய துணியையும் கருவியையும் கம்பெனியின் பண்டகசாலையே விற்றது. வாங்குபவனும் விற்பவனும் ஒருவனாகவே இருந்தமையால், இடையில் உலோகக் காசு மிகுதியாகத் தேவைப்படவில்லை. கணக்கேட்டில் வரவும் பற்றும் எழுதினால் போதும். கையெழுத்திட்ட ஒரு சீட்டு பணத்தின் வேலையைச் செய்தது. 1735இல் பூர்போனுக்கும் அதன் உடன்பிறப்பான பிரான்சுத் தீவுக்கும், அதாவது இன்றைய மொரீசியசுக்கும், ஆளுநராக வந்தவர் மாஹே தெ லா பூர்தொன்னே. துறைமுகம் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தரையும் தச்சரையும் வரவழைத்தவர் அவர். 1746 செப்டம்பரில் கப்பற்படையுடன் வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்து, அதைத் திருப்பித்தரப் பதினொரு லட்சம் வராகன் மீட்புத்தொகை பேசி, அதன் காரணமாகத் துய்ப்ளேயுடன் பகைகொண்டவரும் அவரே. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பயின்றோர்க்கு அப்பூசல் புதிதன்று. இப்பெயரை நினைவில் இருத்திக்கொள்வது நன்று. இருநூறு ஆண்டு கழித்து இதே மனிதர் ஒரு பணத்தாளில் தோன்றவிருக்கிறார்.

1767இல் கம்பெனியிடமிருந்து இரு தீவுகளும் அரசன் ஆட்சிக்கு மாறின. 'பிரான்சு, பூர்போன் தீவுகள்' என்று தலைப்பிட்டு லிவர்க் கணக்கில் அரசாங்கப் பணத்தாள்கள் வெளிவந்தன. தாய்நாட்டிலிருந்து வெள்ளி வரத் தாமதமாகும்போதெல்லாம், போர் மூண்டு கப்பல்களுக்கும் படைக்கும் செலவு பெருகும்போதெல்லாம், தாள் அச்சிடுவது எளிய வழியாக இருந்தது. அச்சிட்ட அளவுக்கு அதன் மதிப்புக் குன்றியது. புரட்சிக் காலத்தில் அஃது அறவே சரிந்தது. வணிகர் தாளை வாங்க மறுத்தனர். கடன் கொடுத்தவன் ஒளிந்துகொள்ள, கடன்பட்டவன் தாள்கட்டுடன் அவனைத் தேடியலையும் தலைகீழ்க் காலம் அது. இறுதியில் ஸ்பானிய வெள்ளிப் பியாஸ்தரே கணக்குக்கு நின்றது. அதே ஆண்டுகளில் நிகழ்ந்த மற்றொன்றும் உடன்வைத்து நோக்கத்தக்கது. பிரெஞ்சுப் பேரவை 1794 பிப்ரவரியில் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. அதை நிறைவேற்ற 1796இல் வந்திறங்கிய அரசப் பேராளர் இருவரையும் பிரான்சுத் தீவின் தோட்டக்காரர்கள் வந்த வழியே துரத்தினர். பூர்போனிலும் அச்சட்டம் செல்லவில்லை. அரசின் தாள் மதிப்பிழந்த நாளில் மதிப்பிழக்காத உடைமைகளாக அவர்கள் கருதியவை நிலமும், அந்நிலத்தில் உழைத்த மனிதருமே.

ஈண்டுக் கவிஞர் ஒருவரைக் குறிப்பிடாமல் மேற்செல்வது முறையாகாது. எவாரிஸ்த் தெ பர்னி பூர்போன் தீவின் சேன் போல் நகரில் 1753இல் பிறந்தவர். பிரெஞ்சுக் காதற் பாக்களால் புகழ்பெற்றவர். 1785இல் புதுச்சேரியில் வாழ்ந்தவர் என்பதால் நமக்கும் முற்றிலும் அயலார் அல்லர். இளமையில் தாய்த்தீவுக்குத் திரும்பியிருந்தபோது எழுதிய மடலொன்றில், கண்திறந்தால் அடிமைத்தனமே தெரியும் நாட்டில் தம்மால் மகிழ்ந்திருக்க இயலவில்லை என்று மனம் நொந்தார். 1787இல் வெளிவந்த அவருடைய 'மடகாஸ்கர்ப் பாடல்கள்' என்னும் வசனக் கவிதை நூலில் வெள்ளையரை நம்பவேண்டா என்னும் எச்சரிக்கை ஒலிக்கிறது. அப்பர்னியின் செல்வத்தை அழித்ததும் காகிதப் பணமே. அவர் கடனாகக் கொடுத்து வைத்திருந்த பெருந்தொகை, புரட்சி அரசின் 'அசிஞ்ஞா' என்னும் மதிப்பிழந்த தாள்களாக அவரிடம் திரும்பிற்று. எஞ்சிய வாழ்நாளை அவர் அலுவலகப் பணியில் கழிக்க நேர்ந்தது.

ஆங்கிலேயர் 1815இல் பூர்போனைத் திருப்பித் தந்தனர். நல்ல துறைமுகமுடைய மொரீசியசைத் தாமே வைத்துக்கொண்டனர். அதன்பின் பூர்போனில் காப்பி பின்னடைந்து கரும்பு மேலோங்கியது. கரும்பு காப்பியைப் போன்றதன்று. ஆலை வேண்டும், கொப்பரை வேண்டும், நீராவி எந்திரம் வேண்டும், விளைச்சல் வரும்வரை காத்திருக்க முதல் வேண்டும். ஆனால் தீவில் பணமே இல்லை. ஸ்பானியப் பியாஸ்தர், இந்திய ரூபாய், பிரெஞ்சு வெள்ளி என வந்த காசெல்லாம் இறக்குமதிச் சரக்குக்கு விலையாகக் கப்பலேறிப் போய்விடும். 1816இல் தீவுக்கெனப் பத்து சாந்தீம் சிறுகாசு ஒன்று அடிக்கப்பட்டது. அது சில்லறைத் தேவைக்கே போதவில்லை. வங்கி தொடங்கச் செய்த சிறு முயற்சிகளும் நிலைக்கவில்லை.

இந்நிலையில் 1848 வந்தது. பாரிஸில் அரியணை வீழ்ந்து குடியரசு எழுந்தது. ஏப்ரல் 27ஆம் நாள் அடிமை ஒழிப்பு ஆணை பிறந்தது. அப்போது பாரிஸிலிருந்த ரீயூனியன் இளைஞர்கள் அதை வரவேற்று அறிக்கை விடுத்தனர். அவர்களுள் ஒருவர் லெகோந்த் தெ லீல். பர்னி பிறந்த அதே சேன் போல் நகரில் 1818இல் பிறந்தவர். பின்னாளில் பிரெஞ்சுக் கவிதையின் போக்கையே மாற்றியவர்களுள் ஒருவர். தோட்ட உடைமையாளரான அவர் குடும்பம் அவருக்கு அனுப்பிவந்த பணத்தை நிறுத்தியது. ஒரு கவிஞனைத் தாள் ஏழையாக்கியது. மற்றொருவனை அவன் கையொப்பம் ஏழையாக்கியது.

குடியரசின் பேராளர் சார்தா கரிகா 1848 டிசம்பர் 20ஆம் நாள் தீவில் விடுதலையை அறிவித்தார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று உடைமை என்ற நிலையிலிருந்து மனிதர் என்ற நிலைக்கு உயர்ந்தனர். அதுவரை ஒற்றைப்பெயரால் அழைக்கப்பட்டவர்களுக்குக் குடும்பப்பெயர்கள் இட்டுப் பதிவேடுகள் எழுதப்பட்டன. எனினும் அந்நாளுக்கு முன்பே, அக்டோபர் 24இல், விடுதலை பெறவிருப்போர் அனைவரும் உழைப்பு ஒப்பந்தம் ஒன்றில் கட்டுண்டாக வேண்டும் என்ற ஆணையும் அவரால் பிறப்பிக்கப்பட்டிருந்தது.

விடுதலைக்கு விலை உண்டென்று குடியரசு ஒப்பியது. அவ்விலை பெற்றவர் அடிமைகள் அல்லர், அவர்களுடைய உடைமையாளர்கள். 1849 ஏப்ரல் 30ஆம் நாளைய சட்டம் பிரெஞ்சுக் குடியேற்றங்கள் அனைத்துக்குமாக 60 லட்சம் பிராங்கு ரொக்கமும், ஆண்டுக்கு 60 லட்சம் பிராங்கு வட்டி தரும் அரசுக் கடன்பத்திரங்களும் ஒதுக்கியது. நூற்றுக்கு ஐந்து வட்டியாகக் கணக்கிட்டால் பத்திரங்களின் முகமதிப்பு 12 கோடி பிராங்கு. ஆளுக்கு இவ்வளவு என்ற விகிதம் இடத்துக்கு இடம் வேறுபட்டது. மார்ட்டினிக்கில் ஓர் அடிமைக்கு 425 பிராங்கு 34 சாந்தீம். குவாதலூப்பில் 469 பிராங்கு 53 சாந்தீம். ரீயூனியனில் 711 பிராங்கு 59 சாந்தீம். அறுபதாயிரம் மனிதர் சாந்தீம் பிசகாமல் பெருக்கி எழுதப்பட்டனர். ரீயூனியனின் பங்கு நான்கு கோடி பிராங்கைத் தாண்டியது. விடுதலை பெற்றவர்களுக்கு நிலமும் இல்லை, பணமும் இல்லை.

வங்கி பிறந்தது இவ்விடத்திலேதான். இழப்பீட்டைத் தோட்டக்காரர்கள் பழைய கடன்காரர்களுக்குக் கொடுத்துவிட்டால் தீவில் முதல் தங்காது என்று அரசு அஞ்சியது. எனவே ஆயிரம் பிராங்குக்கு மேல் இழப்பீடு பெற்ற ஒவ்வொருவரின் தொகையிலும் எட்டில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, அதைக் கொண்டு குடியேற்றந்தோறும் ஒரு கடன் வங்கி நிறுவுவதென முடிவாயிற்று. 1851 ஜூலை 11ஆம் நாளைய சட்டம் மார்ட்டினிக், குவாதலூப், ரீயூனியன் ஆகிய மூன்றுக்கும் தலைக்கு 30 லட்சம் பிராங்கு முதலுடன் வங்கிகளை அமைத்தது. கயானாவிலும் செனகலிலும் சிறிய அளவில் அமைந்தன. பிடித்துவைத்த தொகைக்கு ஈடாகத் தோட்டக்காரர்களுக்கு 500 பிராங்கு முகமதிப்புள்ள பங்குமுறிகள் கிடைத்தன. அடிமைக்கு உரியவராக இருந்தவர் வங்கிக்கு உரியவரானார். இடையில் நிகழ்ந்தது ஒரு சொத்து மற்றொரு சொத்தாக உருமாறியது மட்டுமே.

ரீயூனியன் வங்கி 1853இல் தலைநகர் சேன் தெனியில் கதவைத் திறந்தது. பணத்தாள் வெளியிடும் தனியுரிமை அதற்கு இருந்தது. சட்டப்படி கையிருப்பிலுள்ள உலோகப் பணத்தின் மூன்று மடங்குக்கு மேல் தாள் புழக்கத்தில் இருத்தல் ஆகாது. தொடக்கத்தில் வெளிவந்தவை மூன்று வகைத் தாள்கள்: 500 பிராங்கு, 100 பிராங்கு, 25 பிராங்கு. அவை தீவுக்குள் மட்டுமே செல்லும். பாரிஸில் அவற்றைக் கொடுத்து ஒரு ரொட்டியும் வாங்க முடியாது. தாய்நாட்டுக்குப் பணம் அனுப்ப விரும்புவோர் வங்கியிடம் உண்டியல் வாங்க வேண்டும். அதற்கு வட்டம் கொடுக்க வேண்டும். ஒரே பெயருடைய பிராங்கு கடலுக்கு இப்பால் ஒரு விலையும் அப்பால் ஒரு விலையும் பெற்றிருந்தது. கள்ளத்தாள் அச்சிடுவோர்க்குப் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தின் 139ஆம் பிரிவு வாழ்நாள் முழுதும் கட்டாய உழைப்பைத் தண்டனையாக விதித்தது. கட்டாய உழைப்பின் விலையால் பிறந்த தாளுக்கு அதுவே காவலாகவும் அமைந்தது!

வங்கியின் கடன் முறைகளுள் ஒன்று இந்தியச் சிற்றூர் உழவனுக்கும் எளிதில் விளங்கும். நிலத்தில் நிற்கும் பயிரையே ஈடாகக் கொண்டு, அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை கடன் தரலாம் என்று சட்டம் இடம் தந்தது. பிரான்சில் இல்லாத ஏற்பாடு இது. கரும்பு வயலில் நிற்கும்போதே அது தாளாக மாறித் தோட்டக்காரர் கைக்கு வந்துவிடும். ஆனால் கரும்பு தானே நின்றுவிடாது. நடவேண்டும், களை எடுக்கவேண்டும், வெட்டவேண்டும். விடுதலை பெற்றோருள் பலர் பழைய எசமானரின் தோட்டங்களை விட்டு விலகினர். அந்த இடத்தை நிரப்பவே இந்தியர் கொண்டுவரப்பட்டனர். 1828இலேயே ஏனாமிலிருந்து சிறு குழு ஒன்று வந்ததுண்டு. 1848க்குப்பின் அது பெருவெள்ளமாயிற்று. 1861இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கை பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க வழிதிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாறு தீவுக்குச் சென்றோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களுள் தமிழரே மிகுதி.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு. ஆண்மகனுக்கு மாதக் கூலி பன்னிரண்டரை பிராங்கு, அதாவது அன்றைய கணக்கில் ஐந்து ரூபாய், பெண்ணுக்கு ஏழரை பிராங்கு, சிறுவர்க்கு ஐந்து. அரிசியும் உறைவிடமும் தோட்டத்தின் பொறுப்பு. இவ்வெண்களைச் சற்றே எடுத்துவைத்துப் பார்க்கவேண்டும். வங்கி வெளியிட்ட மிகச் சிறிய தாள் 25 பிராங்கு. அஃது ஒரு தமிழ்க் கூலியாளின் இரண்டு மாத உழைப்பு. நூறு பிராங்குத் தாள் எட்டு மாதம். ஐந்நூறு பிராங்குத் தாளுக்கு மூன்றாண்டும் நான்கு மாதமும் உழைக்க வேண்டும். இனி மற்றொரு கணக்கு. ஓர் அடிமையின் விடுதலைக்கு உடைமையாளர் பெற்ற 711 பிராங்கு 59 சாந்தீம், ஓர் ஒப்பந்தக் கூலியாளுக்கு ஏறத்தாழ 57 மாதக் கூலியாகும். ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் முழுக்கூலியோ 750 பிராங்கு. அதாவது ஓர் அடிமைக்காகத் தோட்டக்காரர் பெற்ற இழப்பீடு, அவன் இடத்தில் வந்து நிற்கும் ஒரு தமிழனின் ஒப்பந்தக் காலம் ஏறத்தாழ முழுமைக்கும் ரொக்கக் கூலி கொடுக்கப் போதுமானது. உணவும் கப்பற்கூலியும் இக்கணக்கில் சேரவில்லை என்பது உண்மையே. இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பது திட்டமிட்டு நேர்ந்தது என்று கொள்ளவும் இடமில்லை. ஆயினும் ஒன்றையடுத்து மற்றொன்று வந்த முறையைப் பேரேட்டின் ஒரே பக்கத்தில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்று பிறிதொன்று கிடைப்பது அரிது.

ஆகவே வங்கித்தாள் கூலியாளின் கைக்கு வந்ததில்லை என்றே சொல்லலாம். அது தோட்டக்காரருக்கும் வணிகருக்கும் வங்கிக்கும் இடையே சுற்றிவந்த பணம். கூலிக்கும் சில்லறைக்கும் வேறு காசு வேண்டியிருந்தது. அதற்காக 1859இல் நிகழ்ந்த ஒரு விந்தை குறிப்பிடத்தக்கது. ஆஸ்திரிய நாட்டின் பழைய இருபது குரோய்ட்சர் வெள்ளிக்காசுகள் பெருமளவில் தீவுக்கு இறக்கப்பட்டன. ஒரு காசு ஒரு பிராங்காகச் செல்லும் என விதிக்கப்பட்டது. அதிலுள்ள வெள்ளியோ அம்மதிப்புக்குக் குறைவு. வியன்னாவின் மன்னர் முகம் பதித்த காசை, அந்நாட்டின் பெயரையும் கேட்டிராத தஞ்சை, தென்னார்க்காட்டு மக்கள் இடுப்பில் முடிந்துகொண்டு கரும்புக்காட்டில் நடந்தனர். கூலி நாள்கடந்து வழங்கப்படுதல், பிடித்தம், நெடுநேர உழைப்பு ஆகிய முறையீடுகள் வலுத்தபோது, 1877இல் இரு அரசுகளின் சார்பிலும் விசாரணைக்குழு ஒன்று தீவுக்கு வந்தது. ஆங்கிலேயர் சார்பில் கோல்ட்ஸ்மிட்டும் பிரெஞ்சுக்காரர் சார்பில் மியோவும் அதில் அமர்ந்தனர். அதன் விளைவாகவும் தொடர்ந்த முறையீடுகளாலும் 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

அதற்கிடையில் தீவின் செல்வநிலை இறங்குமுகமாகியிருந்தது. 1860களில் கரும்பைத் துளைக்கும் பூச்சி பரவியது. ஐரோப்பாவில் பீட்ரூட் சர்க்கரை பெருகியது. 1869இல் சூயெஸ் கால்வாய் திறந்ததும் கப்பல்கள் இத்தீவுகளைக் கடந்து போகவேண்டிய தேவையே ஒழிந்தது. உண்டியலுக்கு வட்டம் ஏறியது. 1879இல் அயல்நாட்டுக் காசுகள் செல்லா என்று அறிவிக்கப்பட்டு, குரோய்ட்சரும் ரூபாயும் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டன. அண்டைத் தீவான மொரீசியஸ் இதற்கு மூன்றாண்டு முன்னர், 1876இல், இந்திய ரூபாயையே தன் நாணயமாக ஏற்றது இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. இரு தீவிலும் உழைத்தவர் ஒரே கரையினர். ஒரு தீவு அவர்கள் கொண்டுவந்த காசைத் தன் காசாக்கிக்கொண்டது. மற்றொன்று கப்பலேற்றி அனுப்பியது. வெளியேறிய வெள்ளியின் இடத்தில் ரீயூனியனில் அரை பிராங்கு, ஒரு பிராங்கு போன்ற சிறு மதிப்புடைய கருவூலத் தாள்கள் வெளிவந்தன. உழைப்பாளியின் கைக்கு எட்டக்கூடிய காகிதப் பணம் அதுவே. அது வந்தபோது இந்தியாவிலிருந்து ஆள் வருவது ஏறத்தாழ நின்றுவிட்டிருந்தது. வெப்பத்திலும் வியர்வையிலும் அத்தாள்கள் நைந்து போனதால் 1896இல் மெர்க்குரி தேவனின் தலை பொறித்த நிக்கல் கலப்புக் காசுகள் அவற்றின் இடத்தைப் பெற்றன.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியை விரிக்க வேண்டியதில்லை. வங்கி நடந்தது, தாள்கள் புழங்கின, உரிமம் புதுப்பிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்தான் இதை மாற்றியது. தீவு முதலில் விஷி அரசின் பக்கம் நின்றது. ஆங்கிலக் கடற்படையின் முற்றுகையால் அரிசியும் துணியும் அற்றுப்போயின. 1942 நவம்பர் 28இல் 'லெயோப்பார்' என்னும் போர்க்கப்பல் வந்து தீவைச் சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்த்தது. அதனுடன் லண்டனில் அச்சிட்ட தாள்களும் புழக்கத்துக்கு வந்தன. தீயினின்று எழும் பீனிக்ஸ் பறவையை அவற்றில் வரைந்தவர் எட்மண்ட் டூலாக் என்னும் புகழ்பெற்ற ஓவியர். அடிமை விலையில் பிறந்த வங்கி தாள் வெளியிடும் உரிமையை இக்காலத்திலேயே இழந்தது. வெறும் வணிக வங்கியாக அது மேலும் எழுபது ஆண்டு வாழ்ந்து, 2010களின் நடுவில் பிரெஞ்சுச் சேமிப்பு வங்கி ஒன்றுடன் இணைந்து பெயரிழந்தது.

1945 டிசம்பர் இறுதியில் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களுக்கெனத் தனிப் பிராங்கு உருவாயிற்று. தீவு மறு ஆண்டே, 1946 மார்ச் 19இல், பிரான்சின் முழு உரிமையுள்ள மாவட்டமாக உயர்த்தப்பட்டது. எனினும் அதன் மக்கள் மேலும் இருபத்தொன்பது ஆண்டுகள் குடியேற்றப் பிராங்கிலேயே அரிசி வாங்கினர். தொடக்கத்தில் அது பாரிஸ் பிராங்கில் 1.70, 1948 முதல் இரண்டு. 1960இல் பாரிஸ் தன் நாணயத்தை நூறில் ஒன்றாக்கியதும் கணக்குச் சிக்கலாயிற்று. ஐம்பது தீவுப் பிராங்குக்கு ஒரு புதிய பிராங்கு. பழைய 500 பிராங்குத் தாளின்மீது '10 புதிய பிராங்கு' என மேலச்சு இட்டார்கள். 1000 தாளின்மீது 20. 5000 தாளின்மீது 100. ஒரே தாள் இரு எண்களைத் தாங்கிக் கைமாறியது.

இத்தாள்களின் ஓவியங்கள் நின்று நோக்கத்தக்கவை. 1947 முதல் வந்த வரிசையில் பல தாள்களில் வரலாற்று நாயகர்கள் இடம்பெற்றனர். ஐந்து பிராங்கில் கடலோடி பூகேன்வில், பத்தில் கொல்பேர், நூறில் லா பூர்தொன்னே. பொய்முடியும் அணிச்சட்டையுமாக நிற்கும் இவர்தாம் சென்னைக்குப் பதினொரு லட்சம் வராகன் விலை பேசியவர். பூர்போனின் அடிமைத் தோட்டங்களை ஆண்டவர். கப்பலேறி வந்த தமிழரின் பேரப்பிள்ளைகள் இம்முகத்தைக் கொடுத்தே கடையில் உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கினர். ஐயாயிரம் பிராங்குத் தாளிலோ அடிமை ஒழிப்பு ஆணையை உருவாக்கிய விக்தோர் ஷோல்ஷேர் இடம்பெற்றார். விடுதலைக்கு உழைத்தவரின் உருவம் மிகப்பெரிய தாளிலும், அடிமைமுறையால் தீவை வளப்படுத்தியவரின் உருவம் அன்றாடம் கைமாறும் தாளிலும் அமைந்ததில் எவருடைய திட்டமும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஏழை எம்முகத்தை அடிக்கடி கண்டான் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஐயாயிரம் அவன் வீட்டுக்கு எளிதில் வரும் தாளன்று.

1975 ஜனவரி 1இல் தீவுப் பிராங்கு ஒழிந்தது. பாரிஸில் செல்லும் தாளே தீவிலும் சென்றது. 2002 ஜனவரி 1இல் அதுவும் போய் யூரோ வந்தது. கிழக்கில் இருப்பதால் ரீயூனியனில் பாரிஸுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே நள்ளிரவு வந்துவிடும். எனவே யூரோ நாடுகள் அனைத்துக்கும் முந்தி அப்புதிய பணத்தைக் கையில் எடுத்த பெருமை இத்தீவுக்கு வாய்த்தது. சேன் தெனிச் சந்தையில் நகரத் தலைவர் லீச்சிப் பழம் வாங்கியதை உலகச் செய்தியாளர்கள் படம்பிடித்தனர். யூரோத் தாளின் பின்புறம், ஐரோப்பிய வரைபடத்துக்குக் கீழே, சிறு கட்டங்களுக்குள் சில புள்ளிகள் உள்ளன. குவாதலூப், மார்ட்டினிக், கயானா ஆகியவற்றோடு ரீயூனியனும் அவற்றுள் ஒன்று. 1851ஆம் ஆண்டுச் சட்டம் வங்கி அமைத்துத் தந்த அதே இடங்கள். செனகல் மட்டும் இல்லை.

பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையம் 2021இல் இழப்பீட்டுப் பேரேடுகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டது. எவர், எந்த ஊரில், எத்தனை பிராங்கு பெற்றார் என்பதை இன்று எவரும் தேடிப் பார்க்கலாம். அவற்றில் உள்ளவை பணம் பெற்றோர் பெயர்கள். விடுதலை பெற்றோர் பெயர்கள் வேறு பதிவேடுகளில் உள்ளன. ஒப்பந்தத் தமிழரின் பெயர்கள் கப்பல் பட்டியல்களிலும் தோட்டப் பதிவேடுகளிலும், பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதப்பட்டு, சிதறிக் கிடக்கின்றன. இம்மூவகை ஏடுகளையும் ஒருங்கு வைத்துப் படிக்கும் பணிக்குத் தமிழும் பிரெஞ்சும் அறிந்தோர் வேண்டும்.